காற்று ஏறும் வரை

"இன்னும் நுரைதான் வருதுக்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கைப்பம்பை மறுபடி அமுக்கத் தொடங்கினாள். வலது கை பம்பில், இடது கை டீசல் ஃபில்டரின் தலையிலிருந்த சின்னத் திருகில். அமுக்க அமுக்கத் திருகின் ஓரத்தில் டீசல் சோப்பு நுரைபோலப் பொங்கி, முழங்கை வரை ஒழுகியது.

"வரட்டும். உள்ள இருக்கிற காத்து பூரா வெளிய போய், சுத்தமா எண்ணெய் மட்டும் வரணும். அதுவரைக்கும் விடாதே" என்றாள் பெரியவள்.

லாரியின் முகப்பை, டிரைவர் அறையோடு சேர்த்து, முன்னால் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இஞ்சின் திறந்து கிடந்தது. மூன்றடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் காலை நீட்டி, காதை மூடிய கம்பளிக் குல்லாவோடு பெரியவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தகரத் தட்டு. அதில் ஸ்பேனர்கள் எண் வரிசையில்.

"நேத்தும் இதையேதான் சொன்னே."

"நேத்தும் நீ இப்படித்தான் தடவிக் கொடுத்துக்கிட்டு இருந்தே. பல் டாக்டர்கிட்ட இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தா கை இப்படித்தான் பூனைக்குட்டி மாதிரி ஆயிடும். இது லாரிடி. இதுக்கு வலிக்காது. அழுத்தி அமுக்கு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை தளர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். திருகு வழுக்கியது. "பதினாலு குடுக்கா" என்று திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினாள்.

கை வெறுமனே நின்றது. பல் மருத்துவமனையில், டாக்டர் கேட்பதற்கு முன்பே கருவியை அவர் கையில் வைத்துவிடுகிறவள் சின்னவள். இந்த மூன்று மாதமாக அந்த வேலை பெரியவளுடையது. ஒருநாள்கூடத் தாமதித்ததில்லை.

"தூங்கிட்டியா?"

தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். இரவெல்லாம் இருமிய உடம்பு. விரலாலேயே திருகைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாற்பது ஐம்பது தடவை அமுக்கினாள். நுரை குறையவில்லை. அதைவிட, இத்தனை நேரம் ஒரு திட்டுகூட வராதது உறுத்தியது. திரும்பிப் பார்த்தாள்.

பெரியவளின் தலை தோள்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்து இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தன. வலது கையில் ஒரு ஸ்பேனர். பதினாலுதான். சரியானதைத்தான் எடுத்திருந்தாள். நீட்டத்தான் முடியாமல் போயிருக்கிறது.

சின்னவள் முதலில் செய்தது, திரும்பித் திருகை இறுக்கியதுதான். அப்படியே விட்டால் மறுபடி காற்று ஏறிவிடும். பிறகு மண்ணெண்ணெயில் கையைக் கழுவினாள். கறை போகவில்லை. கறைக் கையோடேயே அக்காவின் கண்களை மூடினாள்.

அந்த லாரி அந்த முற்றத்தில் பதினொரு வருடமாக நின்றுகொண்டிருந்தது. வீட்டு வாசலுக்கும் வெளிக் கேட்டுக்கும் நடுவில், இரண்டையும் மறைத்துக்கொண்டு. அதற்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம். பால் போடுகிறவர், தபால்காரர், விருந்தாளி, யாராக இருந்தாலும் வயிற்றை எக்கித்தான் உள்ளே வரவேண்டும். கொஞ்சம் பருமனான உறவுகள் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். "நல்லதாப் போச்சு, சாப்பாடு மிச்சம்" என்பாள் பெரியவள்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் அவள் அதை ஓட்டியிருந்தாள். சிமெண்ட், இரும்புக் கம்பி, மரம் என்று எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறாள். பொம்பளை ஓட்டுற வண்டியில சரக்கு ஏத்த மாட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களின் கிடங்கு வாசலிலேயே வண்டியைக் குறுக்கே நிறுத்தி, இறங்கி, நிதானமாக டீ குடிப்பாள். அவள் குடித்து முடிப்பதற்குள் சரக்கு ஏறிவிடும்.

ஒரு மழைநாளில், ஏற்றிய மூட்டைகளின் மேல் ஏறி நின்று கயிறு இறுக்கும்போது விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. இடது கால் ஒரு அங்குலம் குட்டையானது. கிளட்சை முழுக்க மிதிக்க அந்தக் கால் போதவில்லை. "ரெண்டு மாசம். அப்புறம் எடுத்துடுவேன்" என்று, டயர் கெடாமலிருக்க அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து நிறுத்தினாள். இரண்டு மாதம் பதினொரு வருடமானது. வித்துடு என்று நடுவில் பிறந்த தம்பி வருஷா வருஷம் வந்து சொன்னான். வருஷா வருஷம் அவனுக்கு ஒரே பதில்தான். "அது தன் கால்லதான் வெளிய போகும்."

மூன்று மாதத்துக்கு முன், படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், நோய் நுரையீரலைத் தாண்டிவிட்டது என்றார். எவ்வளவு நாள் என்று பெரியவளே கேட்டாள். மூன்று மாதம் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவில் ஏறும்போது சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். பெரியவள் ஆட்டோக்காரரிடம், "பேட்டரிக் கடைக்குப் போப்பா. பெரிய பேட்டரி ரெண்டு வாங்கணும்" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்த வேலை. காற்று ஃபில்டரில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டீசல் டேங்கின் அடியில் தார்போல ஒரு விரற்கடை வண்டல். இஞ்சின் சுத்தமாக இறுகிப்போயிருந்தது. டீசலைப் பீய்ச்சும் ஆறு இஞ்செக்டரையும் கழற்றி, ஆறு ஓட்டையிலும் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டார்கள். பத்தாம் நாள், இஞ்சினின் முன் நட்டில் மாட்டிய ஸ்பேனரில் ஆளுயரக் குழாயைச் செருகிச் சின்னவள் தொங்கியபோது, இஞ்சின் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. பெரியவள் நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினாள். ஒட்டிக்கிடந்த கிளட்சைத் தினமும் நூறு தடவை மிதிக்க வைத்தாள். மிதிக்கும்போதே கியர் போடவும் வைத்தாள். ஸ்கூட்டரைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத தங்கை, ஓடாத லாரியில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, ரிவர்ஸ் என்று மாற்றிக்கொண்டிருந்தாள். டீசல் பம்ப்பை மட்டும் வெளியே கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தவரை இரண்டு பேரும் பம்ப்காரர் என்றே கூப்பிட்டார்கள். அச்சுக்கடியிலிருந்த கட்டைகளை எடுத்து, டயர்களுக்குக் காற்றும் அடித்தாயிற்று. மிஞ்சியது, குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். அந்த இடத்தில்தான் பெரியவள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரம்மாவும் சின்னவளுமாக அவளைத் தூக்கி முன்னறையில் கிடத்தினார்கள். கனமே இல்லை. தெருமுனை டாக்டர் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே வந்து, பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்குள் தம்பி வந்துவிட்டான். சின்னவளுக்கு அவன் அண்ணன். அக்காவின் காலடியில் சற்று நேரம் நின்றான். பிறகு வாடகை நாற்காலி, சொல்ல வேண்டியவர்களுக்கு ஃபோன், மயானத்தில் நேரம் என்று ஓட ஆரம்பித்தான். அது அவன் சுபாவம். அவனுக்கு அழுகை கால் வழியாகத்தான் வரும்.

"நாலு மணிக்கு எடுக்கிறோம். அமரர் ஊர்தி தெருவுல நிக்கும். இந்தச் சந்து வழியா ரெண்டு பேர் சாய்ச்சுப் பிடிச்சுக் கொண்டுபோயிடலாம்" என்றான்.

சின்னவள் நிமிர்ந்தாள். "சாய்ச்சுன்னா?"

"படுக்கையை ஒருக்களிச்சுத்தான் பிடிக்கணும். வேற எப்படி? கட்டிட்டா விழாது."

"பீரோவா அது? ஒருக்களிச்சுத் தூக்கிட்டுப் போக?"

"வேற வழி சொல்லு. கிரேன்காரனைக் கூப்பிட்டேன், வந்து பார்த்துட்டுப் போயிட்டான். பிரேக் பிடிச்சுக் கிடக்கு, சக்கரம் உருளாது, ரோட்டுல நின்னு இழுத்தா கேட்டோட சுவரும் சேர்ந்து வரும்ங்கறான்."

"வண்டியை நான் எடுக்கிறேன்."

முன்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். அப்பாவின் தங்கை. யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் நாற்காலி அவளுக்கு. "உனக்கென்னடி பைத்தியமா? உள்ள அவ கிடக்கா. நீ போய் வண்டிக்கடியில கிடப்பியா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"அவ போற வழியை ஒழிச்சுக் குடுக்கிறாங்கன்னு நினைப்பாங்க" என்றாள் சின்னவள். "அவளை யாராவது சாய்ச்சுத் தூக்கினீங்க, குறுக்க நான் படுத்துக்குவேன். என்னையும் தாண்டித்தான் போகணும்."

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மூணரை வரைக்கும். அதுக்குள்ள ஆகலைன்னா சந்துதான்."

பம்ப்காரர் செய்தி கேட்டுத் துக்கம் விசாரிக்கத்தான் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முற்றத்தில் சின்னவள் கையில் ஸ்பேனரோடு நிற்பதைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டினார்.

காற்றெடுத்தார்கள். நுரை. மறுபடி எடுத்தார்கள். மறுபடி நுரை. முகப்பை இறக்கிப் பூட்டி, அவள் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினாள். செல்ஃப் மோட்டார் முனகிக்கொண்டு இஞ்சினைச் சுற்றியது. புகைக்குழாயில் ஒரு வெள்ளை இருமல். அவ்வளவுதான். இரண்டாம் முறை இருமல்கூட இல்லை. மூன்றாம் முறை மோட்டாரின் குரலே தொய்ந்தது.

"பேட்டரியைக் கொல்லாதம்மா. இன்னும் ரெண்டு தடவைதான் தாங்கும்" என்றார் பம்ப்காரர். "பம்ப்புல குத்தமில்ல. என் வேலை அது. எங்கேயோ காத்து இழுக்குது. மேல இருக்கிற ஒவ்வொரு நட்டா மாத்திப் பார்க்கணும்னா நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

மணி இரண்டரை. வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதை மறைக்க முயலவில்லை. "ஆளையே அதுலதான் ஏத்திக்கிட்டுப் போகப் போறாங்களோ?" என்று யாரோ மெதுவாகக் கேட்டது அவள் காதில் விழுந்தது. "அவ சரக்கில்ல" என்று சீட்டிலிருந்தபடியே சத்தமாகச் சொன்னாள். பிறகு இறங்கி, முகப்பை மறுபடி கவிழ்த்துவிட்டு, பம்ப்காரரிடம், "நீங்க கைப்பம்பை அமுக்குங்க. மெதுவா. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க" என்றாள். "தயவு செஞ்சு எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

முற்றம் அடங்கியது. அவள் வண்டிக்கு அடியில் மல்லாந்து, டீசல் குழாயின் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அந்நியர்களின் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். குழாய் தண்ணீரை உறிஞ்சினால் ஒரு சத்தம், காற்றை உறிஞ்சினால் வேறு சத்தம். அந்த வித்தியாசம் டாக்டருக்குக்கூடத் தெரியாது. இவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

டேங்குக்கு ஒரு முழம் முன்னால் அது கேட்டது. உதடு சரியாக மூடாதபோது வருமே, அந்தச் சின்னச் சீறல். கறுப்பு ரப்பர் குழாய், இரும்புக் குழாயோடு சேரும் இடம். வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை. விரலால் அமுக்கிப் பிடித்தாள். சீறல் நின்றது. விட்டாள். சீறியது.

"இங்க!" என்று கத்தினாள்.

வெடித்த நுனியை வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்துச் செருகி, இறுக்கு வளையத்தை இரண்டாகப் போட்டார்கள். மறுபடி கைப்பம்ப். திருகின் ஓரத்தில் முதலில் நுரை. பிறகு குமிழி. பிறகு ஒன்றுமில்லை, தேன் நிறத்தில் தெளிந்த டீசல் மட்டும் வழிந்தது. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூடும்மா, போதும்" என்று பம்ப்காரர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முகப்பை இறக்கினார்கள். ஏறினாள். ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்துச் சாவியைத் திருகினாள். மோட்டார் சுற்றியது, சுற்றியது, சோர்ந்தது. இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். "விடாதே, விடாதே" என்று கீழிருந்து பம்ப்காரர். ஒரு சிலிண்டர் அடித்தது. இன்னொன்று. வண்டி முழுக்க ஒருமுறை உலுக்கிக்கொண்டு, எல்லாம் சேர்ந்து அடித்தன.

வெள்ளைப் புகை முற்றத்தை மூடியது. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. நாற்காலிகள் காலியாகின. முன்னறையிலிருந்து அத்தை வெளியே ஓடிவந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். யார் பேசினாலும் கேட்டிருக்காது.

மணி மூன்றேகால். அண்ணன் படியில் கால் வைத்து ஏறி, மறுபக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தான். "ஓடுதில்ல? எடு."

"காத்து ஏறணும்." எதிரே ஒரு முள்ளைக் காட்டினாள். பூஜ்யத்தை விட்டு அது இப்போதுதான் கிளம்பியிருந்தது. "காத்து நிரம்பினாத்தான் பிரேக் விடும். அந்தப் பச்சைக் கோடு வரைக்கும் வரணும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது. அது எப்ப ஏறுதோ அப்ப."

இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் தடதடத்தது. பதினொரு வருடமாக வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சந்தில் நுழைவானே தவிர, அவன் இந்த வண்டியைத் தொட்டதில்லை. இப்போது அவன் கை முன்பலகையின்மேல் இருந்தது.

"அன்னைக்கு நானும் கூட இருந்தேன்" என்றான். "தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"கீழ கயித்தைப் பிடிச்சிருந்தது நான்தான். மழையில எவனோ கூப்பிட்டான்னு திரும்பினேன். கையை விட்டுட்டேன்." அவன் குரல் இஞ்சின் சத்தத்துக்கு மேல் எழும்பவில்லை. அவன் உதட்டைப் பார்த்துத்தான் அவள் புரிந்துகொண்டாள். "அவ ஒருநாள்கூட என்கிட்ட இதைப் பத்திக் கேட்டதில்ல. உன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா?"

"சொல்லியிருக்கா."

"என்னன்னு?"

"கயிறு நனைஞ்சிருந்துச்சு, வழுக்கிடுச்சுன்னு சொன்னா."

அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். வெளியே புகையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. முள் பாதிக்கு வந்திருந்தது.

"வித்துடு வித்துடுன்னு உயிரை எடுத்தேனே" என்றான்.

"அவளும்தான் முடியாதுன்னு உன் உயிரை எடுத்தா."

அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு இறங்கினான். இறங்கி நின்று அவன் செய்த முதல் காரியம், வழியிலிருந்த நாற்காலிகளைத் தூக்கி ஓரமாக எறிந்தது. பிறகு கேட்டின் இரண்டு கதவையும் கீலோடு தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். தெருவுக்கு நடுவில் போய் நின்று, வந்த காரையும் ஸ்கூட்டரையும் கையை விரித்து நிறுத்தினான். கார்க்காரர் ஹாரன் அடித்தார். "அடிங்க, நல்லா அடிங்க. வண்டி வருது, நிக்கணும்!" என்று கத்தினான். அவன் அப்படிக் கத்தி அந்தத் தெரு கேட்டதில்லை.

முள் பச்சைக் கோட்டைத் தொட்டது. தாண்டட்டும் என்று பொறுத்தாள். தாண்டியது. முன்பலகையிலிருந்த பிரேக் குமிழை அழுத்தினாள். எங்கோ பின்னாலிருந்து நீளமாக ஒரு புஸ் சத்தம் வந்தது. கிளட்சை அடிவரை மிதித்தாள். முதல் கியர் நறநறத்துக்கொண்டு விழுந்தது. மெல்ல விட்டாள்.

வண்டி நகரவில்லை. இஞ்சின் அமுங்கியது. அணைந்துவிடும்போல் குரல் தாழ்ந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தாள். பின்சக்கரத்தில் பலகை பிளப்பதுபோல 'டப்'பென்று ஒரு சத்தம். அத்தை வீலென்று அலறினாள். சக்கரம் பிடித்ததை விட்டது. ஒரு அடி. இரண்டு அடி.

"வரட்டும், வரட்டும், நேரா வா! இடது பக்கம் ஒரு சாண் இருக்கு, பயப்படாதே, வா!" அண்ணன் வண்டிக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டு இரண்டு கையாலும் அவளை அழைத்தான். அவள் ஸ்டீயரிங்கின் மேல் படுத்ததுபோலச் சாய்ந்து, அவன் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டுத் தூண்கள் இரு பக்கமும் கண்ணாடியை உரசாமல் பின்னால் போயின. வெயில் திடீரென்று முழுசாக உள்ளே விழுந்தது. தெருவுக்கு வந்துவிட்டாள்.

எதிர்ச்சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்திக் குமிழை இழுத்தாள். சாவிக்குக் கையைக் கொண்டுபோனாள். கையை எடுத்துவிட்டாள். பம்ப்காரர் படியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"ஓடட்டும்" என்றாள். "நீங்க பார்த்துக்குங்க. நாங்க வர்ற வரைக்கும் அணைக்காதீங்க."

"ஒரு டேங்க் இருக்கு. நீ போயிட்டு வாம்மா."

ஊர்தி பின்பக்கமாகவே முற்றத்துக்குள் வந்து, வாசற்படிக்குச் சில அடி தள்ளி நின்றது. ஆறு பேர், மூன்று மூன்றாக, பெரியவளை நேராகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தலைப்பக்கம் அண்ணன். யாரும் யாரையும் இடித்துக்கொள்ளவில்லை. மண்ணில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்த இடத்தின்மேல் நடந்து போனார்கள். குல்லாவைக் கழற்றிடலாமே என்று அத்தை சொன்னாள். "இருக்கட்டும் அத்தை. அவளுக்குக் குளிரும்" என்றாள் சின்னவள்.

ஊர்தியின் பின்னால், படுக்கையோரம் இருந்த பலகையில் அண்ணன் உட்கார்ந்துகொண்டான். இடமில்லாததால் சின்னவள் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறினாள். கையில் கறை அப்படியே இருந்தது. டிரைவர் சின்ன வயசுக்காரர், சுத்தமான சீருடை. சீட்டைப் பார்த்தார், அவள் புடவையைப் பார்த்தார், வண்டியை எடுத்தார்.

தெருவில் திரும்பியபோது லாரியின் சத்தமும் புகையும் முகத்திலடித்தது. டிரைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார். அவள் பக்கத்துக் கண்ணாடி மேலேறியது.

அவள் கதவில் அந்தப் பொத்தானைத் தேடி, அழுத்தி, கண்ணாடியை மறுபடி கீழே இறக்கினாள்.